கம்பி வேலிக்குள் மஞ்சள் தவளை

ஆரம்பாக்கம்,
ஆடி மாசம், 1974

கங்கம்மா அப்பாவுக்கு,

பட்டணத்துல மிஷின் வேலை பழகுறது எப்படிப் போவுது? புள்ள கங்கம்மா சொகம். என்னைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல.

திங்கக்கிழமை நல்ல மழை. மறுநாள் விடிஞ்சதும் நம்ம கழனிப் பக்கம் தவளைங்க கத்துனது ஊட்டுக்கே கேட்டுது. வருஷா வருஷம் செய்யறாப்புல உடனே விதைநெல்ல ஊற வெச்சிட்டேன். இன்னிக்குக் காலைல முளைகட்டுன நெல்லைக் கூடையில தூக்கிக்கினு போனா, எதிர்ல கம்பி வேலி. என்னைக் கேக்காம நீங்க கழனியைக் கம்பெனிக்கு வித்துக் கையெழுத்து போட்டது அப்பத்தான் ஞாபகம் வந்துது.

வேலிகிட்டயே குந்திக்கினு, உள்ள தேங்கி நின்ன மழைத்தண்ணியைப் பார்த்தேன். மழைக்கு முன்ன சேத்து நெறத்துல இருந்த ஆண் தவளைங்க எலுமிச்சம்பழமாட்டம் மஞ்சளா மாறி, கழுத்தாண்ட ரெண்டு நீலப் பையை ஊதிக்கினு கத்துதுங்க. பொட்டைத் தவளை ஒண்ணு அவசரமே இல்லாம நடுவுல நீந்திப் போவுது.

வாட்ச்மேன் வந்து, "இன்னாமா தேடுற?"ன்னான்.

எங்க கழனின்னு சொல்ல வாய் வரல. "தவளை பாக்குறேன்"னேன். சிரிச்சிட்டுப் போயிட்டான்.

உங்க மேல கோவம்லாம் இல்ல. முளைச்ச நெல்லு ரெண்டு நாளுக்கு மேல தாங்காது. எங்க தூவறதுன்னு நீங்களே வந்து சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க புள்ளையோட அம்மா