உறுதி: முப்பத்தைந்து

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். போன கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்று அக்கா முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். திட்டுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு விஷயத்தைக் கேளுங்கள்.

என் முதலாளி ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார். அடுத்து வெளிவரும் எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டில் அத்தான் இருந்த மேட்டுச் சண்டையும் உண்டு. அதை வடிவமைப்பது நான்தான். முப்பத்தொரு வருஷமாக யாரும் தொடாத சண்டை!

என் வேலை பொம்மை டாங்கி உருட்டுவது என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். உண்மையில் நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொள்வேன். அந்த நிலத்தின் மேப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எதில் மேடு, எதில் ஓடை, எதில் மரம் என்று குறிப்பேன். அன்று எந்த டாங்கி எங்கே நின்றதோ அங்கேயே வைப்பேன். பிறகு ஒவ்வொரு டாங்கிக்கும் எண்கள் கொடுப்பேன். தகடு எவ்வளவு கனம், பீரங்கி எவ்வளவு தூரம் சுடும், உள்ளே இருக்கிறவர்கள் எவ்வளவு தாங்குவார்கள். இந்தக் கடைசி எண்ணுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் உறுதி. அதற்குப் பிறகு விளையாடுகிறவர் பாடு.

அத்தான் அப்போது சட்டைப்பையில் வைத்திருந்த குறிப்பு நோட்டு அலமாரியில் இருக்குமே, அதை அனுப்ப முடியுமா? பத்திரமாகத் திருப்பித் தருவேன். அத்தான் மனசு சங்கடப்படும் என்றால் வேண்டாம்.

உங்கள் சின்னவன்

ஜனவரி 28

அன்புள்ள சின்னவனுக்கு,

ஆசிகள். நாற்பத்தைந்து வயதில் டாங்கி விளையாடச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் உன் ஜாதகம் பெரிய ஜாதகம்தான். நான் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறேன்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம் என்று பக்கத்து வீட்டம்மா சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும். நான் போனில் பேசினால் உன் அத்தானுக்குக் காதில் ஒன்றும் விழாது, "என்னைப் பத்திதானே பேசறீங்க?" என்று எரிந்து விழுவார். கடிதம் என்றால் கையில் கொடுத்துவிடலாம். கொடுத்தேன்.

கொடுக்கும் முன் இரண்டு நாள் யோசித்தேன். உனக்குத் தெரியாததில்லை. மேட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற மூன்று டாங்கிகளோடு போகச் சொன்னார்கள், இவர் போய்ச் சேரவில்லை, நாற்பது பேர் செத்தார்கள். "உத்தரவில்லாமல் திரும்பினார்." விசாரணைக் குழு எழுதியது இரண்டே சொல். படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மிச்ச காலத்தை பஸ் டிப்போவில் என்ஜின் பிரித்தே ஓட்டினார். கூட இருந்த படைக்காரர்கள் யார் வீட்டு விசேஷத்துக்கும் இன்றுவரை போனதில்லை. அந்த நாளைப் பற்றி வாயே திறப்பதில்லை.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அவரே எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். "சின்னவன் நம்ம வீட்டுப் பையன். அவன் செஞ்சா சரியாத்தான் செய்வான்," என்றார். அப்படி ஒரு உற்சாகத்தை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

நோட்டு இத்துடன் வருகிறது. அவர் நம்பிக்கையைக் கெடுத்துவிடாதே. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அன்பு அக்கா

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

முடித்துவிட்டேன்! மூன்று மாதம் சோறு தண்ணி மறந்த வேலை. விளையாட்டு வெளிவந்து பத்து நாள் ஆகிறது. மேட்டுச் சண்டையைத்தான் எல்லாரும் பாராட்டுகிறார்கள். நடந்தது நடந்தபடி வருகிறதாம். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பென் டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். அக்காவின் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடும். அத்தான் விளையாடிப் பார்த்துவிட்டுக் குறை இருந்தால் சொல்லட்டும். நோட்டும் இதே பார்சலில் இருக்கிறது.

உங்கள் சின்னவன்

மே 4

சின்னவனுக்கு,

பார்சல் வந்தது. எதிர்வீட்டுப் பெண் வந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளவே உன் அத்தானுக்கு இரண்டு நாள் ஆனது. ஆனாலும் மத்தியானச் சாப்பாடு ஆனதும் நேராகப் போய் உட்கார்ந்துவிடுவார். "இதோ பாரு, இதுதான் மேடு. இந்த மூணும் என்னோட வண்டிங்க," என்று என்னையும் இழுத்து உட்கார வைத்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது சுற்றில் அந்த மூன்று டாங்கிகளும் தாமாகவே திரும்பின. இவர் திருப்பவில்லை. "நான் ஒண்ணும் பண்ணலையே," என்று மவுஸைத் தூக்கிப் பார்த்தார். திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது: நடுங்கிப் பின்வாங்குகிறார்கள்.

மறுபடி முதலிலிருந்து ஆடினார். மறுபடியும் அதேதான். நாலு நாள் அப்படியே ஆடினார். ஐந்தாம் நாள் எதிர்வீட்டுப் பெண்தான் டாங்கியின் மேல் அழுத்தினால் அதன் எண்கள் தெரியும் என்று காட்டிக் கொடுத்தாள். உன் மேட்டுக்காரர்களுக்கு உறுதி எழுபது. எதிரிக்கு எழுபது. சமையல் வண்டி ஓட்டுகிறவனுக்குக்கூட அறுபது. இவருக்கு முப்பத்தைந்து.

கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஏன்டா?

அக்கா

மே 16

அன்புள்ள அக்காவுக்கு (உனக்கு மட்டும், அத்தானிடம் கொடுக்காதே),

நீ நினைக்கிற மாதிரி இல்லை. எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு சண்டையைச் செய்து முடித்ததும் கம்ப்யூட்டரையே இரண்டு பக்கமும் நூறு தடவை ஆட விடுவோம். நிஜத்தில் நடந்த முடிவு பாதித் தடவைக்கு மேல் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ தப்பு. எல்லாருக்கும் எழுபது கொடுத்துத்தான் ஆரம்பித்தேன். அத்தானின் டாங்கிகள் நேராக மேட்டுக்குப் போய் எல்லாரையும் காப்பாற்றிவிட்டன. நூறில் தொண்ணூற்றொரு தடவை! முடிவு வரவில்லை என்றதும் முதலில் அத்தானின் எண்ணைக் குறைத்துப் பார்த்தேன். ஐம்பது, நாற்பது. முப்பத்தைந்தில் எல்லாம் சரியாக வந்துவிட்டது. அதனால் வேறெதையும் தொடவில்லை.

விசாரணை ரிப்போர்ட்டும் அதையேதான் சொல்கிறது. நோட்டில் அத்தான் "ஓடை, சேறு, இறங்க முடியாது" என்று எழுதியிருக்கிறார். பார்க்காமல் விடவில்லை. ஆனால் ராணுவ மேப்பில் அந்த ஓடை வறண்ட ஓடை. தன்னைப் பற்றி எழுதும்போது யாருமே கொஞ்சம் பூசி மெழுகத்தான் செய்வார்கள். அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை.

அது வெறும் ஒரு எண். அத்தான் பெயர்கூட விளையாட்டில் இல்லை.

சின்னவன்

ஜூன் 3

தம்பி,

உன் கடிதத்தை அவரிடம் கொடுக்கவில்லை. நான் கடைக்குப் போயிருந்தபோது எடுத்து வாசித்துவிட்டார்.

நான் வந்தபோது கம்ப்யூட்டரில் உன் மேப் திறந்திருந்தது. உரக்கக் கத்திச் சொன்னார், அவருக்குத்தான் தன் குரலே கேட்காதே. "இந்த மேப்பு எந்த மாசத்துல போட்டதுன்னு உன் தம்பியைக் கேளு. கோடையில அளந்த மேப்பு இது. சண்டை நடந்தது நவம்பர்ல. எட்டு நாள் விடாத மழை. ஓடைக் கரையில வண்டி மூக்கை விட்டா முழுசா உள்ள போயிடும். கடக்க எடம் தேடிக் கரையோரமா திரும்பினேன். எடம் கெடைக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. விசாரணையிலயும் இதே மேப்பைத்தான் மேஜையில விரிச்சாங்க. 'வறண்ட ஓடைய தாண்ட முடியலையா?'ன்னு சிரிச்சாங்க. இப்ப இவனும் அதையே விரிக்கிறான்."

பூசி மெழுகினாரா இவர்? சப்பைக்கட்டு கட்டாமல் போய்ப் பார். மழை பெய்ததா இல்லையா என்று எங்காவது எழுதி வைத்திருப்பார்கள்.

அக்கா

ஜூலை 9

என் அக்காவுக்கும், என் அத்தானுக்கும்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அத்தான் சொன்னது அத்தனையும் உண்மை. வானிலை நிலையத்தின் பழைய பதிவேடுகளைத் தேடிப் பிடித்தேன். சண்டைக்கு முந்தின எட்டு நாளும் மழை. சரியாக எட்டு நாள், அத்தான் சொன்ன மாதிரியே. நான் மாதத்தைச் சரியாகத்தான் போட்டிருந்தேன், எத்தனை மணிக்கு இருட்டும் என்று பார்ப்பதற்காக. மழையைப் பற்றி யோசிக்கவே இல்லை. மடையன்.

ஓடையைச் சேறாக்கினேன். அத்தானுக்கு எழுபதைத் திருப்பிக் கொடுத்தேன். நூறு தடவை ஆட விட்டேன். அறுபத்தைந்து தடவை டாங்கிகள் கரையோரமாகத் திரும்பி இடம் தேடுகின்றன, மேடு விழுந்துவிடுகிறது. யாரும் நடுங்கவில்லை, யாரும் ஓடவில்லை. விசாரணைக் குழு தப்பு என்பதை என் கம்ப்யூட்டர் காட்டிவிட்டது அக்கா!

திருத்திய பதிப்பை வெளியிட்டாயிற்று. ஏன் திருத்தினோம் என்று இரண்டு பக்கம் எழுதியும் சேர்த்திருக்கிறேன். அதை வாசித்துவிட்டு அந்தப் படையில் இருந்த இரண்டு பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அத்தானை நேரில் பார்க்க வேண்டுமாம்.

அடுத்த மாதம் லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன். அத்தான் காலில் விழுந்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

உங்கள் சின்னவன்

ஜூலை 27

தம்பி,

உன் கடிதத்தை முதலில் அவர் கையில்தான் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். எட்டு நாளும் மழை என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்பட்டார், அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த இரண்டு படைக்காரர்களையும் வரச் சொல்லிவிட்டார். அதற்காகச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்.

நீ வருவதைப் பற்றியும் கேட்டேன். "வரட்டும். அவன் என்ன பண்ணுவான், ரிப்போர்ட்டைப் பாத்து செஞ்சான்," என்றார். அவர் மனசில் ஒன்றும் இல்லை.

வேண்டாம் என்று சொல்வது நான்.

உன் மேல் கோபம் இல்லாமல் இல்லை. விசாரணைக் குழுவுக்கு இவர் யாரோ எவரோ. உனக்கு அப்படியா? அப்பா போனபிறகு ஆறு வருஷம் இந்த வீட்டில் வளர்ந்தாய். உன் காய்ச்சலுக்கு லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவர் இவர். அந்தச் சண்டையில் மேடு இருந்தது, ஓடை இருந்தது, எதிரியின் பீரங்கி இருந்தது, உத்தரவு போட்ட அதிகாரி இருந்தார். முடிவு வரவில்லை என்றதும் உன் கை நேராக இவருடைய தைரியத்துக்குத்தான் போனது. நீயே எழுதியிருக்கிறாய்.

ஆனால் அதற்காக மட்டும் உன்னை வராதே என்று சொல்ல மாட்டேன். மீதியை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவர் வாசிக்கும் முன் தபாலில் சேர்த்துவிடுவேன்.

சண்டை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், "ஓடை நெறஞ்சு கெடந்துச்சு..." என்று ஆரம்பித்தார். நான் மேலே பேச விடவில்லை. "அதெல்லாம் இப்ப எதுக்குங்க? உயிரோட வந்தீங்களே, எனக்கு அது போதும்," என்று சொல்லித் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு குளிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்து ஓடி வந்தவரை ஒரு சொல் சொல்லாமல் ஏற்றுக்கொண்டவள் என்று.

நீயாவது மூன்று மாதம் ஆட்டிப் பார்த்துவிட்டு முப்பத்தைந்து போட்டாய். நான் ஒரு கேள்விகூடக் கேட்காமல் போட்டேன். நீ போட்டதை அவர் மவுஸை வைத்துக் கண்டுபிடித்தார். நான் போட்டதை அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்.

நீ வந்தால் காலில் விழுவாய், அவர் தூக்கி நிறுத்துவார், உனக்கு மனசு ஆறிவிடும். பக்கத்தில் நிற்கிற நான் என்ன செய்ய? மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் என்ன செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவு வரும். அதனால் வராதே. எழுதவும் வேண்டாம்.

இப்போதெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் தினமும் அந்த ஓடையைப் பற்றிச் சொல்கிறார். மழை, சேறு, வண்டி சறுக்கியது, எல்லாம். நான் எதிரில் உட்கார்ந்து கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்தி, மேலே சொல்லலாமா என்று என் முகத்தைப் பார்க்கிறார்.

அக்கா