'அனைவரும்' என்ற குழு

இன்று காலை எங்கள் மருத்துவமனையின் ஸ்ரீரங்கம் கிளையிலிருந்து போன் வந்தது. வரவேற்பில் இருக்கும் பெண், திரையில் தெரிந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'இந்தக் கணினியில் நுழைய உங்களுக்கு அனுமதி இல்லை.' "மேடம், நான் ஒண்ணுமே பண்ணலைங்க," என்றாள். அவள் பெயரை யாரோ தவறான குழுவில் சேர்த்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். ஆனால் அந்த வரியைக் கேட்டதுமே பழைய ஒரு திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

நீயும் நானும் ஒரே நாளில்தான் இந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்ந்தோம். நீ பொன்மலை குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டியில் வருவாய், நான் உறையூரிலிருந்து டவுன் பஸ்ஸில். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத சர்வர் அறை நமக்கு. ஏசி இரைச்சலில் கத்திப் பேசிப் பழகி, கேன்டீனிலும் அப்படியே பேசுவோம். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமைத் தவறு என்னுடையது. பயிற்சிக்கு வந்து போனவர்களின் பழைய கணக்குகளைத் தடுக்க ஒரு பாதுகாப்பு விதி எழுதினேன். தடை யாருக்கு என்று கேட்ட இடத்தில் அவர்களுடைய குழுவுக்குப் பதிலாக 'அனைவரும்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஷிப்ட் மாறும் நேரம். கணினியிலிருந்து வெளியேறியவர்கள் யாராலும் மறுபடி நுழைய முடியவில்லை. மீதிப் பேர், ஏதோ கோளாறு என்று கேள்விப்பட்டு முன்னெச்சரிக்கையாக அவரவர் கணினியை ரீஸ்டார்ட் செய்து, தாங்களும் மாட்டிக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்க்க வழியில்லை. அறுவை சிகிச்சைக்குத் தயாராக ஒருவர் ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார். சர்வர் முன்னால் உட்கார்ந்து என் பாஸ்வேர்டைப் போட்டேன். அதே வரி. உன்னுடையதைப் போட்டாய். அதே வரி. நாமே கட்டிய பூட்டுக்கு வெளியே நாமே நின்றோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "முன்னாடி உட்கார்ந்து நுழையறதுக்குத்தான்டி தடை. நெட்வொர்க் வழியா சர்வரைத் தொடறதுக்கு இல்ல. ஏற்கெனவே திறந்திருக்கற ஒரு சிஸ்டம் கிடைச்சா போதும்."

அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்பதும் உனக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது மாடியில் மருத்துவப் பதிவேட்டு அறை. அங்கே வேலை பார்த்த ஒரு அம்மாவுக்கு முடக்குவாதம், விரல்கள் மடங்காது. ஐந்து நிமிடம் தொடாமலிருந்தால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது எல்லாக் கணினிக்கும் விதி. ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் அடிக்க அவர் படும் பாட்டைப் பார்த்து, அந்த ஒரு கணினிக்கு மட்டும் நீ யாரிடமும் கேட்காமல் விலக்குக் கொடுத்திருந்தாய். படியேறி ஓடினோம். அது திறந்தே இருந்தது. நீ உட்கார்ந்து விதியை நீக்கினாய், ஒவ்வொரு கணினியாக உயிர் வந்தது. அந்த நோயாளிக்கு மதியம் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் விசாரணை. உள்ளே போகும் முன் வராண்டாவில் வைத்து என்னிடம் சொன்னாய்: "நீ வாயைத் தொறக்காத. அப்பாவுக்கு வேற இடம் இருக்கா?"

இல்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான் ஊழியர் என்பதால் அதே மருத்துவமனையில் கட்டணமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. நிர்வாக அதிகாரி, "யார் பண்ணதும்மா?" என்று கேட்டார். "நான்தாங்க சார்," என்றாய். பதிவேட்டு அறைக்குக் கொடுத்த விலக்கும் அப்போது வெளியே வந்தது. இரண்டு குற்றமும் உன் பேரில் எழுதப்பட்டன. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் உன்னிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். உன் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள்.

நீ தில்லைநகரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். போன் செய்வாய். அப்பாவைத்தான் முதலில் விசாரிப்பாய். அதனாலேயே நான் எடுப்பதைக் குறைத்தேன். அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். மௌனத்துக்கு நான் வைத்திருந்த ஒரே காரணமும் போனது. அப்போதும் நான் பேசவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். இன்னொரு வருடமும் ஓடியது. அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்தேன். நீ கண் திறக்கவில்லை. இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நிர்வாக அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா இது? பழைய பைலை மூடியாச்சே," என்றார். மூடியதைத் திறக்க வைத்தேன். தவறு என்னுடையது என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். என்னை எச்சரித்து ஒரு கடிதம் தந்தார்கள். அவ்வளவுதான் தண்டனை. அன்றைக்கே சொல்லியிருந்தாலும் ஒருவேளை இவ்வளவுதான் நடந்திருக்கும் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்தக் கடிதத்தோடு பொன்மலைக்குப் போனேன். உன் அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார்கள்.

"எல்லாம் தெரியும்மா. அவ அன்னிக்கே சொல்லிட்டா. நீ ஒருநாள் வந்து சொல்லுவேன்னும் சொன்னா. ஞாயித்துக்கிழமை வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா, நீதானான்னு எட்டிப் பாப்பா."

எந்தக் கோபமும் இல்லாமல்தான் சொன்னார்கள். நீ என்னை மன்னித்திருந்தாய் என்பது மட்டும் தெரிந்திருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். நீ எனக்காகக் காத்திருந்தாய் என்பதும் தெரிந்துவிட்டது. உறையூரிலிருந்து உன் வீடு, பஸ்ஸில் வந்தாலும் ஒரு மணி நேரம்கூட ஆகாது.