‘காரணம்’ என்ற கட்டம்

மார்ச் 3, திங்கள்

என் வால்வு மறுபடியும் தானாக மூடிக்கொண்டது. காலை 10:20. ‘டப்’ என்று ஒரு சத்தம். ஆய்வுக்கூட ஹால் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கிறது, ஏதோ நான்தான் கோபத்தில் கதவை அறைந்து சாத்திய மாதிரி! ஓடிப்போய்ப் பார்த்தால் கசிவே இல்லை. குழாய்க்குள் வெற்றிடம் பத்திரமாக இருக்கிறது. பதிவேட்டில் ‘மூடியதன் காரணம்’ என்ற கட்டத்தில் பதினோராவது தடவையாக ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். அந்தச் சொல்லைப் பார்த்தாலே இப்போது எரிச்சலாக வருகிறது.

அதை மறுபடி திறந்து சரிபார்ப்பதற்குள் அரை நாள் சோதனை போச்சு. சோதனை செய்கிற ஆய்வாளர் (நான் வைத்த பேர் ‘அவசரம்’) சொன்னார்: “உங்க வால்வு சரியான தொட்டாச்சிணுங்கிங்க.” வீட்டில் என்னவர் என்னைச் சொல்கிற அதே வார்த்தை. கோபம் இரண்டு மடங்காக வந்தது.

மார்ச் 4

வெள்ளிக்கிழமை கூட்டமாம். வால்வின் இணைப்பைக் கழற்றிவிட்டு எப்போதும் திறந்தே வைத்துவிடலாமா என்று முடிவு செய்யப் போகிறார்களாம். வயிறு எரிகிறது.

குழாயின் இந்தக் கோடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல். முடியை விட மெல்லிய தகடு. இந்தப் பக்கம் நாம் மூச்சு விடுகிற காற்று, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. தகடு கிழிந்தால் காற்று துப்பாக்கிக் குண்டு மாதிரி குழாய்க்குள் பாயும். மறுகோடியில் கதிரை உண்டாக்கி அனுப்புகிற பெரிய இயந்திரத்துக்குள் புகுந்துவிட்டால் சுத்தம் செய்யவே ஒரு வருஷம் ஆகும். கண் சிமிட்டுவதற்குள் குறுக்கே விழுவது இந்த ஒரு வால்வுதான். முழுக்க இறுக்காது, உண்மைதான். ஆனால் பின்னாலேயே வருகிற பெரிய வால்வு நிதானமாக இறுக்கிச் சாத்தும்வரை தாக்குப்பிடிக்குமே!

“இத்தனை வருஷத்துல ஜன்னல் ஒரு தடவையாவது கிழிஞ்சிருக்கா?” என்கிறார் அவசரம். இல்லைதான். அதுக்காக?

மார்ச் 5

சாப்பிடும்போது என்னவரிடம் புலம்பினேன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எனக்காக நாலு வார்த்தை பேசுவார் என்று பார்த்தால், “நான் சும்மா சும்மா பிரேக்க மிதிச்சா கத்துக்க வந்தவன் என்ன பண்ணுவான்? வேற ஆளப் பாப்பான். பிரேக் வேணும், சரிதான். அது ஏன் மிதிக்குதுன்னு மொதல்ல கண்டுபிடி” என்கிறார். அவசரத்துக்கு வக்காலத்து! மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

கழுவி முடிக்கும்போது, மனுஷன் சொன்னது சரிதானோ என்று பட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஐயோ, இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

தரை சுத்தம் செய்கிற அக்கா வேக்குவம் கிளீனரை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “உன் மெஷினு இன்னிக்கு பேசலயே, உடம்பு சரியில்லையா?”

“எதுங்கக்கா பேசும்?”

“நான் இத போட்டா சில நாளு அது டப்புன்னு குரல் குடுக்குமே! என்னை விசாரிக்குதுன்னுல்ல நெனச்சேன்.”

பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். பதினொன்றும் திங்கள், இல்லாவிட்டால் வியாழன். அக்கா இந்தப் பக்கம் வருகிற நாட்கள்! “இன்னொரு தடவ போடுங்கக்கா.” ஒன்றுமில்லை. “இன்னும் ஒரு தடவ.” டப்! அவசரம் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

பிரித்துப் பார்த்தால், அழுத்தத்தைப் பார்க்கிற சென்சாரின் வயரில் எர்த் இணைப்பு லூஸ். கிளீனர் மோட்டார் கிளம்பும்போது வருகிற மின் இரைச்சலைக் காற்று புகுந்துவிட்டது என்று நினைத்து அது அலறியிருக்கிறது. அந்த வயரை மாட்டிய புண்ணியவதி யார்? நானேதான், போன ஜனவரியில். இறுக்கினேன். அக்கா இருபது தடவை போட்டுப் போட்டு அணைத்தார். வால்வு கம்மென்று இருந்தது.

மார்ச் 7

கூட்டத்தில் என் தப்பை நானே சொல்லிவிட்டேன். எங்கள் தலைவர் தாடையைச் சொறிந்துகொண்டே, “ஒரு மாசம் பாப்போம். காரணமில்லாம ஒரு தடவ மூடினாலும் கழட்டிருவோம், சரியா?” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 13, வியாழன்

சத்தமில்லை. அக்கா தூரத்திலிருந்து கட்டை விரலைக் காட்டினார்.

மார்ச் 24

இன்றும் இல்லை. பதிவேட்டைத் தொட்டே இரண்டரை வாரமாகிறது!

ஏப்ரல் 3, வியாழன்

டப்.

மதியம் 2:40. கிளீனர் ஓடவில்லை. அக்கா வீட்டுக்கே போயாச்சு.

ஜன்னலுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் முன் அதன் மேல் மூடியைப் போட வேண்டும். அதைச் சிவப்பு எழுத்தில் எழுதி அங்கே ஒட்டி வைத்தவள் நான். எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! இன்றைக்கு வயரை ஒதுக்கிக் கட்டத்தானே, இரண்டு நிமிஷம்தானே என்று மூடியைப் போடாமல் விட்டேன். ஸ்பேனரோடு திரும்பினேன். முழங்கை ஜன்னலில் இடித்தது. தகடு பட்டென்று கிழிந்த சத்தம், கூடவே டப். எது முந்தியது? காதுக்குத் தெரியவில்லை. மறுகோடி அழுத்த மீட்டரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவசரம்தான் ஓடினார்.

“ஏறிச்சு... கொஞ்சூண்டு... எறங்குதுங்க! எறங்கிருச்சு! மெஷினுக்கு ஒண்ணும் ஆகல!”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவசரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். “நல்லவேளை, அன்னிக்கு என் பேச்ச யாரும் கேக்கல” என்றார்.

தலைவர் பதிவேட்டை நீட்டினார். “காரணமில்லாம மூடலையே?”

“இல்ல சார்.”

அந்தக் கட்டத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: ‘என் முழங்கை.’