நாக்கில் ஒட்டிய குழாய்

என் செல்ல மருமகளே,

நாம் அகழாய்வு செய்யும் நானூறு வருடத்துக்கு முந்தைய கோட்டையில், உன் குழியில் கிடைத்த வெள்ளைத் துண்டை, எலும்பா கல்லா என்று பார்க்க நேற்று நாக்கில் வைத்தாய். ஒட்டியதும், "எலும்பு! அமெரிக்காவுக்கு முதல்ல வந்த இங்கிலீஷ்காரனோட விரல்!" என்று கத்தினாய். அது அவன் புகைபிடித்த களிமண் குழாய். சுட்ட மண்ணும் ஒட்டும். அங்கே எழுந்த சிரிப்பில், கோட்டையை ஒட்டி ஓடும் ஜேம்ஸ் ஆறே பின்னோக்கி ஓடியது. நீயோ, "இனி வரவே மாட்டேன்" என்று போய்விட்டாய்.

முப்பது வருடமாக உன் அத்தைக்குக்கூடச் சொல்லாததை இன்று நம் தோண்டுவோர் சபையில் அறிவித்தேன்: நான் முதன்முதலில் தோண்டியெடுத்த குழாயை விரலெலும்பு என்றே நம்பி, பாதிரியாரை வரவழைத்து அடக்கம் செய்தவன் நான்.

"யோவ், பைப்புக்கா ஜெபம் பண்ணின?" என்றான் பக்கத்துக் குழியில் தோண்டும் ஹோரஸ்.

"பாட்டும் பாடினேன்யா. அழுதுட்டேன்."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். உன் குழியில் வேறு யாரும் இறங்காதபடி பலகை போட்டு மூடி, மேலே நானே உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை வந்துவிடு, இடுப்பு வலிக்கிறது.

அகில அமெரிக்கக் குழிகளின் சக்கரவர்த்தியான
உன் தாய்மாமன்