‘ஃபடே’ சொன்ன குரல்

செப்டம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. ஆற்றில் நட்டிருக்கும் மூன்றாம் எண் நீர்மட்ட அளவுக் கருவி மறுபடியும் பொய்க் கணக்குக் காட்டுகிறது. உள்ளே ஈரம் புகுந்திருக்கும். கழற்றிப் பார்க்க வேண்டும்.

மதியம் எங்கள் அலுவலக இயக்குநர் கூப்பிட்டார். வெள்ள எச்சரிக்கை இனி தொலைபேசி அழைப்பாகப் போகவேண்டுமாம். ஆறு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் ஆற்றோரக் கீழ்ப்பேட்டையில் எல்லோருக்கும் தானாக மணி அடிக்கும், எங்கள் சாங்கோ மொழியில் ஒரு குரல் பேசும். மின்சுற்றிலிருந்து ஒலிப்பதிவு வரை என் பொறுப்பு. அவர் வெளிநாட்டுக்காரர், சாங்கோ தெரியாது. “உங்கள் மொழியில் எதிர்காலத்தை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார். பலகையில் ஒரே நிமிடத்தில் எழுதிக் காட்டினேன். எங்கள் வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது. நேற்று வந்ததற்கும் நாளை வரப்போவதற்கும் அதே சொல்தான். வரப்போவது சீக்கிரம் என்றால் முன்னால் ‘ஃபடே’ போடு. எப்போதோ என்றால் ‘அண்டே’ போடு. அவ்வளவுதான். சுவிட்ச் மாதிரி.

“எளிது” என்றார். எளிதுதான்.

திரும்பும்போது யூலாலி அக்கா வீட்டுச் சந்து வழியாக வந்தேன். அக்கா வாசலில் மீனைப் புகையில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் செலஸ்தீன் தையல் எந்திரத்துக்குப் பின்னாலிருந்து, “முசியே ஃபடே வர்றாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க” என்றாள். ‘திருவாளர் சீக்கிரம்’ என்ற இந்தப் பெயரை எனக்கு வைத்ததே அவள்தான். அவள் எந்திரத்துக்கு மோட்டார் மாட்டித் தருவதாகச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அக்காவின் ஐஸ்பெட்டி பிப்ரவரியிலிருந்து ஓடவில்லை. இரண்டு பேரிடமும் ஃபடே வருகிறேன் என்றேன். செலஸ்தீன் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே, “அது எந்த வருசத்து ஃபடே, தம்பி?” என்றாள். சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வேலை இருக்கிறவனுக்கு நேரம் எங்கே?

செப்டம்பர் 17

வானொலியில் இருபது வருடமாக சாங்கோ அறிவிப்புகள் படிக்கும் மதாம் ஓதிலை ஒலிப்பதிவுக்கு வரச் சொல்லியிருந்தோம். வந்தவர் மைக்கைத் தொடவில்லை. என் தாளைப் படித்தார், மடித்தார், வைத்தார். ‘ஃபடே ஆற்று நீர் ஏறும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வீட்டை விட்டு மேட்டுக்குச் செல்லுங்கள்.’ இதில் என்ன குற்றம் என்று கேட்டேன்.

“குத்தமே இல்ல. ஆனா ஜனங்க மொதல்ல யாரு சொல்றாங்கன்னு பாப்பாங்க. என்ன சொல்றாங்கங்கிறது அப்புறந்தான். நான் ஒரு நாள் பேட்டைக்குப் போயிட்டு வரேன். வியாழக்கிழமை வெச்சுக்கலாம்.”

தண்ணீர் ஏறுவதை யார் சொன்னால் என்ன? கருவி சொல்கிறது. சென்டிமீட்டர் கணக்கில் சொல்கிறது. புதன்கிழமைக்குள் முடிக்கவேண்டும் என்றேன். “அப்படின்னா வேற ஆளப் பாருப்பா” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல்.

வேறு ஆள் எதற்கு? ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நானே பேசிவிட்டேன். மூன்றாம் தடவை சரியாக வந்தது. இருபத்திரண்டு நொடி.

செப்டம்பர் 18

ஒலி சுத்தமாக இருக்கிறது. இயக்குநர் கை குலுக்கினார்.

அக்டோபர் 4

மூன்றாம் எண் கருவியை மாற்றியாயிற்று. மின்கலங்களும் புதிது. அக்கா கூப்பிட்டாள், ஐஸ்பெட்டி. ஃபடே என்றேன். உடனே வைத்துவிட்டாள்.

அக்டோபர் 21, திங்கள்

காலை 6:10க்கு ஆறு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியது. கருவி தானாகவே அழைக்கத் தொடங்கியது. யாரும் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு எண்கள். திரையில் ஒவ்வொன்றாகப் பச்சையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் அப்பம் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

பேட்டைக்குப் போகவில்லை. எதற்குப் போகவேண்டும், அதற்குத்தானே இத்தனையும் செய்தது என்று நினைத்தேன்.

அக்டோபர் 22

செலஸ்தீன் செத்துட்டா.

நேத்து மத்தியானம் மூணு மணிக்குத் தண்ணி சந்துக்குள்ள வந்திருக்கு. இடுப்பளவு வந்ததும் மண்சுவர் எல்லாம் ஊறி உட்கார ஆரம்பிச்சிருக்கு. இவ தையல் எந்திரத்த இழுத்து வெளிய எடுக்கப் போயிருக்கா. பின்சுவர் மேல விழுந்திடுச்சு. புருசன் ரொடோல்ஃப் மேல ஆத்துல மணல் அள்ளப் போனவன் — படகோட வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அக்காவையும் பிள்ளைங்களையும் யாரோ படகுல ஏத்திட்டாங்க.

ஏன் வீட்டுல இருந்தாங்க? ஆறு மணிக்கே சொல்லியாச்சே. ஒன்பது மணி நேரம் இருந்துச்சே. எல்லாரும் ஏன் அங்கயே இருந்தாங்க?

அக்டோபர் 24

பதிவேட்டைப் பார்த்தேன். 412 அழைப்பு. எடுத்தவர்கள் 389. கடைசிவரை கேட்டவர்கள் 371. செலஸ்தீன் எண்: 6:14, முழுதாக இருபத்திரண்டு நொடி. அக்கா எண்: 6:13, முழுதாக.

போய்ச் சேர்ந்திருக்கிறது. கேட்டிருக்கிறார்கள். தொலைபேசிக் கோபுரம் சரி, ஒலி சரி, வாக்கியம் சரி.

அறிக்கையில் ‘தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை’ என்று எழுதினேன். எழுதியபோது மூச்சு கொஞ்சம் லேசாயிற்று. அது லேசானதை நினைத்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

அக்டோபர் 27

அடக்கம் முடிந்தது. ரொடோல்ஃப் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பேட்டைக்காரர்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். குறிப்பேட்டோடு போய் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அழைப்பு வந்ததா? வந்தது. புரிந்ததா? புரிந்தது. அப்புறம் ஏன் கிளம்பவில்லை? அந்தக் கேள்விக்கு மட்டும் எல்லோரும் பாயைச் சரிசெய்தார்கள், பிள்ளையின் மூக்கைத் துடைத்தார்கள், வேறு பக்கம் பார்த்தார்கள்.

சந்து முனையில் எண்ணெய் அப்பம் சுட்டு விற்கும் ஸீத்தா, பள்ளிக்கூட மரத்தடியிலும் சட்டி வைத்திருந்தாள். அவள்தான் தலை நிமிராமல் சொன்னாள்.

“அது உன் கொரல்தானே தம்பி?”

“ஆமா.”

“அதான்.”

அப்படியென்றால் என்ன என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்பத்தைத் திருப்பிப் போட்டாள்.

“நீ ஃபடேன்னா என்ன அர்த்தம்னு எங்க சந்துக்குத் தெரியும்பா.”

அக்டோபர் 30

அக்கா பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பறையில் இருக்கிறாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

அன்று காலையில் செலஸ்தீன் தொலைபேசியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சந்துக்கு வந்திருக்கிறாள். நாலைந்து பெண்கள் கூடியிருக்கிறார்கள். மூட்டை கட்டலாமா என்று அக்காவிடம்தான் கேட்டிருக்கிறாள். தம்பியின் குரல் ஆயிற்றே, அக்காவுக்குத் தெரியாதா என்று.

“நாந்தான்டா சொன்னேன். ‘எந்தம்பிடி அது. எட்டு மாசமா ஃபடே வந்துக்கிட்டு இருக்கான். தண்ணியும் அவனாட்டம்தான் வரும், போயி துணியத் தை’ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சுக்கிட்டேதான் போனா.”

உன் மேல் தப்பில்லை என்றேன். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“என் மேலயும் இல்ல, உன் மேலயும் இல்லேன்னா, அவ தானாவா செத்தா?”

அறிக்கையைத் திரும்ப வாங்கி அந்த வரியை அடிக்க வேண்டும். வேறு என்ன எழுதுவது? ‘ஒலிப்பதிவு செய்தவனை ஊர் நம்பாது, அவனுக்கு அது தெரியாது’ — இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

தெரியாது என்பதும் பொய். முசியே ஃபடே என்று கூப்பிட்டபோது சிரித்தவன் நான்தானே.

நவம்பர் 6

தண்ணீர் வடிந்துவிட்டது. கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். யார் யாரிடம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேனோ அத்தனை வீட்டுக்கும். ஒருவர் வானொலிப்பெட்டி, ஒருவர் தண்ணீர்ப் பம்பு, ஒருவர் விளக்குக் கம்பி. பாதி சேற்றில் போயிருந்தது. மிச்சத்தைச் சரிசெய்தேன். உட்கார முக்காலி போட்டார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஜூதிக் என்று.

பட்டப்பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

டிசம்பர் 2

அக்கா ம்பாய்க்கி ஊருக்குப் போகிறாள். அத்தான் மர லாரி ஓட்டுகிறார். அவருடைய சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். வீட்டைத் திரும்பக் கட்டித் தருகிறேன் என்று சொல்லப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். “ரொடோல்ஃப் வாசலுக்கு எதிர்க்க என்னால அடுப்பு பத்த வெக்க முடியாதுடா” என்றாள். ரொடோல்ஃபுக்கு அக்கா சொன்னது தெரியுமா? தெரிந்திருக்கும். சந்தில் எது தெரியாமல் போகிறது?

லாரியில் ஏறும்போது, வந்து பார் என்று என்னிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

மதாம் ஓதில் வீட்டுக்குப் போனேன். நான் அன்றே சொன்னேனே என்று அவர் சொல்வார், கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தயாராகப் போனேன். அவர் சொல்லவில்லை. கோக்கோ என்னும் காட்டுக் கீரையை நறுக்கிக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்: அந்தச் சந்தில் யார் சொன்னால் நடக்கிறது?

பேட்டைத் தலைவர்? இல்லை. போதகர்? இல்லை. நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஸீத்தா என்றேன். பதினொரு வருடமாக விடிகாலை ஐந்து மணிக்குச் சந்து முனையில் அப்பம். உள்நாட்டுச் சண்டையில் ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட வாரங்களிலும் ஐந்து மணிக்கு அப்பம்.

“அப்ப அந்தம்மாவப் பேசச் சொல்லு” என்றார்.

பிப்ரவரி 13

ஸீத்தா மறுத்துவிட்டாள். பேசமாட்டேன் என்றல்ல, முன்னாலேயே பேசி வைக்கமாட்டேன் என்று.

“இன்னிக்கு வெயில் காயுது. தண்ணி வருதுன்னு இன்னிக்கு எப்படிச் சொல்லுவேன்? பொய்யில்லையா அது?”

பதிவு செய்து வைப்போம், வரும்போதுதான் போடுவோம் என்று படம் வரைந்து விளக்கினேன். படத்தை மாவுக்கையால் தள்ளினாள். “தண்ணி வர்ற அன்னிக்கு எனக்குச் சொல்லு. நான் கெளம்புறப்ப சொல்றேன்.”

பழைய ஆளாக இருந்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். உட்கார்ந்திருந்தேன். இரண்டு அப்பம் சாப்பிட்டேன்.

மார்ச் 5

கருவியை மாற்றியமைத்துவிட்டேன். ஆறு கோட்டைத் தாண்டினால் முதலில் ஸீத்தாவுக்கு மட்டும் மணி அடிக்கும். அவள் ஒரு பொத்தானை அழுத்தி அந்த நேரத்தில் பேசுவதுதான் எல்லோருக்கும் போகும். நடுவில் ஒரு மனுஷியை வைப்பது பலவீனம் என்றார் இயக்குநர். மூன்று வாரம் சண்டை. அவள் எடுக்காவிட்டால் என்ன செய்வாய் என்றார். நானே பேட்டைக்கு ஓடிப்போய்ச் சொல்வேன் என்றேன்.

ஜூன் 19

அக்கா எண் அணைந்தே இருக்கிறது. அத்தானிடம் கேட்டேன். நன்றாக இருக்கிறாள், அதிகம் பேசுவதில்லை என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை 9:40. கோட்டைத் தாண்டியது. ஸீத்தாவுக்கு மணி அடித்தது. ஏழு முறை அடித்தது. கதவருகே நின்றுகொண்டிருந்தேன், மோட்டார் சைக்கிளை வெளியே திருப்பி வைத்திருந்தேன். எட்டாவதில் எடுத்தாள்.

“நான் ஸீத்தா. எண்ணெயக் கீழ ஊத்திட்டேன். சட்டியத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்.”

அவ்வளவுதான். ஃபடேயும் இல்லை, அண்டேயும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. வைத்துவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது சந்து காலி. அவள் அடுப்படியில் மண்ணில் எண்ணெய் ஊறிக் கறுப்பாக இருந்தது. பாதிச் சட்டி எண்ணெய். அதை அவள் கொட்டினாள் என்று கேட்டதுமே பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிவிட்டார்களாம். மேட்டுப் பாதையில் ரொடோல்ஃப் சேற்றிலிருந்து மீட்ட தையல் எந்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துபோனான். நான் பின்னால் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தான், எந்திரம் ஆடியது. அதனால் வெறுமனே கூட நடந்தேன்.

தண்ணீர் ஐந்து மணிக்கு வந்தது. ஆறு வீட்டுச் சுவர் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை.

அக்டோபர் 15

அக்காவே கூப்பிட்டாள். பத்து மாதத்துக்குப் பிறகு.

எல்லாரும் மேலே போனாங்களா? போனாங்க. ரொடோல்ஃப்? அவனும். வேறு எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் ஏதோ வேகும் சத்தம் கேட்டது. பிறகு, “நீ எப்ப வருவ?” என்றாள்.

‘ஃபடே’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபத்தேழு வருடப் பழக்கம். விழுங்கிக்கொண்டு, என்ன சமைக்கிறாய் என்று கேட்டேன். இதற்கு மேல் இவனிடம் என்ன எதிர்பார்ப்பது என்பது போல வைத்துவிட்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி. ம்பாய்க்கி

முதல் லாரியில் ஏறினேன். வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அக்கா களி கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். மரவள்ளி மாவு இன்னும் ஒரு கை அள்ளிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள்.