நாலாவது மூட்டை மரச்சீனிக் கம்பு

அளியா,

கிணற்றடியில் நீ சாய்த்து வைத்துவிட்டுப் போன மரச்சீனிக் கம்பு மூட்டை, புத்தகத் தமிழில் சொன்னால் மரவள்ளிக் கம்பு மூட்டை, முளைத்துவிட்டது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. இரண்டு கோடை மழை பெய்தது, அவ்வளவுதான். இன்று காலை பல் தேய்க்கப் போனவன் அதில் கால் இடறி நின்றேன். சாக்கின் ஓட்டைகள் வழியாகச் சிவந்த காம்போடு இலைகள் வெளியே வந்திருக்கின்றன. கூடவே நனைந்த சாக்கின் வாசனை. அந்த வாசனைக்கும் எனக்கும் உள்ள பகை உனக்குத் தெரியும். மூன்று பயணங்களில், பயணத்துக்கு மூன்று நாள், ரயிலில் என் தலைமாட்டில் இருந்தது அதுதான்.

நம் கொல்லயில் ஊர் மண்ணுக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது. எதைச் சாய்த்து வைத்தாலும் முளைக்க வைத்துவிடும். முளைக்க வேண்டும் என்று நீ கெஞ்சிய இடங்களில்தான் ஒன்றும் முளைக்கவில்லை.

ஓய்வுக் காலத்தை வடக்கே மலையில் கழிப்பது என்பது உன் யோசனை. பட்டாளத்தில் இருந்தபோது குமாவுன் மலையில் இரண்டு குளிர்காலம் இருந்தாய். அதன்பிறகு நாற்பது வருடம் இந்தப் பாறசாலைப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசினாய். இருபது வயதில் சர்க்கார் கொடுத்த கம்பளியோடு பார்த்த மலையும், அறுபத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு பார்க்கும் மலையும் ஒன்றல்ல என்று நான் சொன்னேன்.

"நீ சொல்லுதது புக்குல உள்ள மலை அளியா. நான் சொல்லுதது ஏறின மலையாக்கும்" என்றாய்.

உன் காரணங்களை நான் மறுக்கவில்லை. வெயில் உன்மீது தனிப்பட்ட விரோதம் கொண்டிருந்தது. கோவில் கொடைக்கும் சபை கன்வென்ஷனுக்கும் ஒரே ஆளிடம்தான் ஒலிபெருக்கி எடுத்தார்கள். அவர் யாருக்கும் பாரபட்சம் காட்டாமல் இரண்டையும் உன் ஜன்னலுக்கு நேரே கட்டினார். நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினால், இறங்குவதற்குள் நாலு பேர் எதற்குப் போகிறாய் என்று கேட்டார்கள், இரண்டு பேர் போக வேண்டாம் என்றார்கள். நானோ நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். 'அமைதி' என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்து முப்பது வருடம் சத்தம் கேட்டவன். அமைதி என்று யார் சொன்னாலும் நம்பிவிடுவேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் பெங்களூரில். மைத்துனனாகிய நீ, உன் மனைவியான என் தங்கை புஷ்பம், நான். மூன்று பேர், மலைமேல் ஒரு வீடு. சரி என்றேன். அதற்கு முன்பும் பல தவறுகள் செய்திருக்கிறேன், ஆனால் எதற்கும் மூட்டை தேவைப்பட்டதில்லை.

முதல் வருடம் அல்மோராவுக்கு மேலே அந்தக் கல் வீட்டைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஓடு வேய்ந்ததுபோல் கருங்கல் பலகை வேய்ந்த கூரை. வாசலில் ஒரு வாதுமை மரம். எதிரே பனிமலை, யாரும் கேட்காமலேயே முழுசாக நின்றது. ஜீப்பில் அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர். இரண்டாவது டம்ளர் தேநீரிலேயே உனக்கு நண்பராகிவிட்டார். என் புத்தக அலமாரி எந்தச் சுவரில் நிற்கும் என்பதுவரை நான் முடிவு செய்துவிட்டேன். அப்போதுதான் நீ சாக்கை அவிழ்த்தாய்.

"அது என்ன எளவு?" என்றேன்.

"கம்பு."

"கம்புன்னு கண்ணுக்குத் தெரியுது. என்னத்துக்கு?"

"நட்டுப் பாக்கணும் அளியா. கிழங்கு பிடிக்குமான்னு தெரியாம எப்பிடி முடிவு சொல்ல?"

"இஞ்ச ஆப்பிள் உண்டு, உருளக்கிழங்கு உண்டு. அது போராதா?"

"ஆப்பிளுக்க கூடயா மீன்கறி வச்சித் திங்க?"

இந்த மலையில் மீனுக்கு எங்கே போவாய் என்று கேட்டேன். பொழியூரிலிருந்து கருவாடு வரவழைக்கலாம் என்றாய். எல்லாவற்றுக்கும் உன்னிடம் பதில் இருந்தது. குளிர் தாங்கும் கம்பு இது என்று ஆரியங்கோட்டில் ஒருவர் உறுதி சொல்லிக் கொடுத்தாராம். அவர் கொல்லத்துக்கு வடக்கே போனதில்லை.

ரயிலில் வடநாட்டுக்காரர் ஒருவர் அதைப் பார்த்து "விறகா?" என்று கேட்டதும், நீ ஆந்திரா முழுவதும் அவருக்கு விளக்கியதும் எனக்கு மறக்காது. நாக்பூர் வருவதற்குள் அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் மரச்சீனிக் கிழங்கை எத்தனை முறை தண்ணீர் வடித்து வேகவைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. பாதிப் பேர் அதற்குமுன் கிழங்கைப் பார்த்ததில்லை. நான் மேல் படுக்கையில் முகத்தின்மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, உனக்கு உறவில்லாதவன்போல் படுத்திருந்தேன்.

மறு வருடம் போய்ப் பார்த்தபோது, கம்பு தீயில் காட்டியதுபோல் கறுத்து நின்றது. உறைபனி. நீ குரங்குக் குல்லாயைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாய். தபால்காரரும் தன் குல்லாயைக் கழற்றினார். நல்ல மனிதர். நீங்கள் முடிவு சொல்லும்வரை வீட்டை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றார். நீ முடிவு சொல்லவில்லை. கொஞ்சம் கீழே இறங்கிப் பார்ப்போம் என்றாய்.

இறங்கினோம். இரண்டாவது ஊரில் நட்டதும் செத்தது. மூன்றாவது ஊருக்கு இன்னும் இறங்கினோம். கம்புக்கு இடம் தேடி வருடா வருடம் நாம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தோம். இப்படியே போனால் பத்து வருடத்தில் கொல்லயிலுக்கே வந்து சேர்ந்திருப்போம். மூன்றாவது ஊரில் பனிமலை தெரியவில்லை. வெயில் தெரிந்தது, கொசு தெரிந்தது. நீ குனிந்து குழி தோண்டிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ ஒலிபெருக்கி பாடியது. அங்கேதான் நான் கத்தினேன்.

"நீ வீடு பாக்கல்ல, கிழங்குக்கு மாப்பிள பாக்க! இனி நான் வரமாட்டேன். எனக்க அறிவு கெட்டுப்போச்சுன்னு ஆளுவ சொல்லதுக்கு முன்னால நான் நிறுத்தியாச்சு."

நீ கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாய். "சமாதானமா இரு அளியா. ஒரு இடம் உண்டு. கிட்டும்."

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று பயணங்களிலும் அந்த மூட்டையை நான் ஒரு முறைகூடத் தொடவில்லை. ரயில் நிலையப் படிகளில் நீ அதைத் தலையில் வைத்து மூச்சு வாங்க ஏறுவாய். நான் பின்னால் புத்தகப் பையோடு ஏறுவேன். தூக்கினால் உன் பைத்தியத்துக்கு உடன்பட்டதாகிவிடும் என்பது என் கொள்கை. கை காலியாக இருக்கும்போது எனக்குக் கொள்கைகள் நிறையத் தோன்றும்.

மாசியில், நாலாவது மூட்டையைக் கட்டிக் கிணற்றடியில் சாய்த்த ஒரு வாரத்துக்குள், குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய். பிறகு எழவில்லை. அடக்கத்தின்போது போதகர், இவர் தமக்குரிய நிலையான இடத்தைக் கண்டடைந்தார் என்று பிரசங்கித்தார். நல்ல வாக்கியம்தான். ஆனால் அவருக்கு உன்னைத் தெரியாது. நட்டுப் பார்க்காமல் நீ எந்த இடத்துக்கும் சம்மதித்திருக்கமாட்டாய்.

போன வாரம் தபால்காரர் போன் செய்தார். உன் எண் அடிக்கவில்லையாம். தன் மகன் ஒரு டெல்லிக்காரரைக் கூட்டி வந்திருக்கிறான், வீட்டை இடித்துவிட்டு விடுதி கட்டப்போகிறாராம். இந்த மாதக் கடைசிவரை மகனை நிறுத்தி வைக்கிறேன், உங்கள் நண்பர் எப்போது வருகிறார் என்று கேட்டார். என் இந்தி நூலக இந்தி. பிழையில்லாமல் படிக்க வரும், ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வராது. எப்படியோ சொன்னேன். பிறகு அவர் சொன்னார்: அந்தக் கட்டையை இன்னும் பிடுங்கவில்லை. சுற்றிலும் கல் அடுக்கி வைத்திருக்கிறேன். உங்கள் பூஜை முடியாமல் எடுப்பது சரியா என்று தெரியவில்லை.

மூன்று வருடமாக அந்த மனிதர் ஒரு செத்த மரச்சீனிக் கம்புக்குக் காவல் இருந்திருக்கிறார். நீ போகும் இடமெல்லாம் இப்படி ஒருவரைப் பிடித்துவிடுவாய்.

சிரிப்பதற்கு ஒரு விஷயம் கிடைத்தது என்று அடுக்களைக்குப் போய்ப் புஷ்பத்திடம் சொன்னேன். அவள் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, அது அவருக்க பைத்தியம் இல்ல. நான் சொன்னதாக்கும்."

"நீ என்னத்தச் சொன்னே?"

"மலைக்கு வா, வான்னு ஒரே நச்சரிப்பு. எனக்குப் போக இஷ்டம் இல்ல. வரமாட்டேன்னு நேரா சொன்னா அந்த மூஞ்சி வாடும். அதுக்கு, கிழங்கு முளைக்கிய இடமா பாருங்க, அன்னைக்கு வாறேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பனியில கிழங்கு பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அவன் அத நம்பிட்டானா?"

"மறுநாளே கம்பு தேடிப் போயாச்சு."

"தடுத்திருக்கலாமே பிள்ளே!"

"சிரிச்சிட்டே போனாரு அண்ணா. எப்பிடித் தடுக்க?"

இப்போது உன்னைக் கேட்கிறேன். மூன்று வருடம் உன்னை மடையன் என்று ஏசினேனே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன? 'உனக்க தங்கச்சி சொன்னதாக்கும்' என்று நாக்பூரிலாவது சொல்லியிருக்கலாம். நான் அவளைத் திட்டுவேன் என்று பயந்தாயா? திட்டியிருப்பேன். அதற்காக, அவளுடைய மறுப்பை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டு ஒருவன் இமயமலைவரை போவானா? வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பெண்ணும், சொன்னாலும் விளங்காத ஆணும் நாற்பது வருடம் ஒரு வீட்டில். பக்கத்து வீட்டில், ஒரு நூலகம் முழுக்கப் படித்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நடந்தது தெரியாத நான். எனக்கு யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லோர்மீதும் படுகிறேன்.

அடுத்த நாள் அவள் என் முன்னால் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "மாசக் கடைசிவரைக்கும் அந்த வீடு உண்டுல்லா? டிக்கெட் எடுங்க."

"அங்க முளைக்காது புஷ்பம்."

"முளைக்காண்டாம். மூணு வருசமா மூணு ஊரு பாத்தியளே, எனக்க கண்ணுல ஒண்ணையாவது காட்டினியளா? எனக்கு அந்த வீட்டப் பாக்கணும். பிடிச்சா இருப்போம். பிடிக்காட்டி, அந்த முற்றத்துல நின்னு வேண்டாம்னு சொல்லுதேன். அவருகிட்ட நான் அத ஒரு நாளும் சொன்னதில்லல்லா."

ஒரு வீட்டில் குடியேற வேண்டியவளிடம் அந்த வீட்டைக் காட்ட வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இதில் கிழங்கு ஒரு குற்றமும் செய்யவில்லை.

நாளை மத்தியானம் வண்டி. குல்லாய்களை எடுத்து வைத்துவிட்டேன். உன்னுடையதை அவள் தன் பையில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் முன்பு வாசலில் வந்து நின்று, "மூட்டைய எடுத்தியளா?" என்று கேட்டாள். முளைத்துவிட்டது, போகும் வழியில் குருத்தெல்லாம் ஒடியும் என்றேன். "ஒடியாம பிடிங்க" என்றாள்.

புதுச் சாக்கில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். கட்டியபின் யாரும் பார்க்காத நேரத்தில் தலையில் வைத்துப் பார்த்தேன். உனக்கு இவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வண்டி ஏறியதும் யாராவது "விறகா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் நாக்பூர்வரை பேச வேண்டிவரும். எத்தனை முறை தண்ணீர் வடிக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு நிச்சயமில்லாமல் இருந்தது. புஷ்பத்திடம் கேட்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.