அந்தப் பக்கத்துச் சொந்தம்

மே 12

இந்த வருடம் எங்கள் பண்டிகையும் என் கணவர் வீட்டுப் பண்டிகையும் ஒரே நாளில் வருகின்றன. ஆளுக்கொரு காலண்டர் கணக்கில் நகர்கிற நாட்கள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட மோதிக்கொண்டதில்லை. அவர்களுடையதற்கு மாமியாரும் நாத்தனார் குடும்பமும் வருவார்கள், எங்களுடையதற்கு அக்கா குடும்பம். தனித்தனிக் கூட்டம், நிம்மதி. இம்முறை எல்லோரும் ஒரே கூடத்தில்.

பரிசோதனைக்கூடத்தில் என்னோடு ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவளும் என்னைப் போல வேற்று மதத்தில் வாழ்க்கைப்படுகிறாள். என்னை இதில் சீனியர் என்று நினைத்து யோசனை கேட்டாள். எதையும் துருவிக் கேட்காதே, அவ்வளவுதான் என்றேன். நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம். அவர் பக்கத்தில் ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை, என் பக்கத்தில் அவரும் கேட்டதில்லை.

மே 14

அப்பாவுக்கு போன் செய்தேன். வருடம் தவறாமல் கூப்பிடுவேன், பேசாமல் வைத்துவிடுவார். என் கல்யாணத்தன்று உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றவர், சொன்னபடியே இருந்தார். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். என் வீட்டுக்கு வருவதால் அக்காவையும் சேர்ப்பதில்லை. பண்டிகையன்று கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றை ஆளாய் உட்கார்ந்திருப்பார்.

இன்று வைக்கவில்லை.

"வர்றேன். அதான் சொல்லி அனுப்பிச்சிருந்தியே."

அக்கா ஏதோ சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம்.

மே 19

நாற்காலிகள் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மூலையிலிருந்த பிரம்பு நாற்காலியைத் துடைத்தபடி, "இது உங்க சித்திக்கு. வேற எதுலயும் உட்கார மாட்டாங்க" என்றார்.

"எங்க சித்தியா? உங்க அத்தைல்ல அவங்க?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவரும் நிறுத்திவிட்டார்.

சாம்பல் நிறச் சால்வை, நீல நூல் கட்டிய பழப்பெட்டி, வாயே திறக்காத சுபாவம். அந்த அம்மாள் இரண்டு பண்டிகைக்கும் தவறியதில்லை. என் கணவருடைய ஆள் என்றே நினைத்திருந்தேன். எங்கள் பண்டிகைக்கும் வருவதைப் பார்த்து, அந்தப் பக்கத்தில் ஒருவராவது எங்களை மதிக்கிறாரே என்று நெகிழ்ந்திருக்கிறேன். அவரும் அச்சாக இதையே நினைத்திருக்கிறார்.

"இவ்வளவு பிரியமா வர்றவங்கள யாரு என்னன்னு விசாரிச்சா நல்லாவா இருக்கும்?"

பதினாறு வருடமாக.

மே 20

அக்காவைக் கேட்டேன். உன் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று நீதானே சொன்னாய் என்கிறாள். நான் சொல்லவே இல்லை. மாமியாரிடம் நாத்தனாரை விட்டுக் கேட்கச் சொன்னேன். "பொண்ணு வீட்டுலயே அடக்கமானது அவங்க ஒருத்திதான்" என்றாராம். எனக்கும் சேர்த்து ஒரு குத்து.

எங்கள் சிநேகிதர் பல் டாக்டர், கடவுளே வேண்டாமென்பவர், சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் இரண்டு மதத்துக்கும் பக்தர். யார் எவர் என்று தான் கேட்பதே இல்லையாம். கேட்டால் திருப்பித் தன்னையும் கேட்பார்களாம்.

யார் கூப்பிட்டது? யார் கதவைத் திறந்துவிட்டது? முதல் விருந்தாளி வரும்போதே அந்த அம்மாள் உள்ளே இருப்பார். கோப்பைகள் எந்த அலமாரியில் என்று அவருக்குத் தெரியும்.

மே 21

மகள் பழைய படங்களையெல்லாம் புரட்டினாள். ஒன்றில்கூட அந்த அம்மாள் இல்லை.

"ஆனா பாரும்மா, எல்லாத்துலயும் நாம அத்தனை பேரும் இருக்கோம். அப்ப இதெல்லாம் யாரு எடுத்தது?"

நீங்கள் நில்லுங்கள், நான் எடுக்கிறேன் என்று கையை நீட்டுவார். நானேதான் கொடுத்திருக்கிறேன்.

மே 25

கேட்டுவிடுவது என்று முடிவு. நான்தான் கேட்க வேண்டுமாம்.

மே 26

இன்று பண்டிகை. காலையில் கூடத்தைப் பெருக்கிவிட்டுச் சமையலறைக்குள் போனேன். அந்த அம்மாள் அங்கே நின்றிருந்தார், கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு. வாசல் கதவு தாழிட்டபடிதான் இருந்தது. வெளியே சுட்டெரிக்கிற வெயில். அவருடைய சால்வையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நீங்க யாரு — என்று ஆரம்பித்தேன். முடிக்கவிடவில்லை.

"அவரை வாசல்லயே நிக்க வைக்காதம்மா. போய்த் திற."

மணி அடிக்கவே இல்லை. திறந்தேன். அப்பா. முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காலைக் கீழ்ப்படியில் இறக்கியிருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் போயிருப்பார். கையில் ஈரக் குடை. எங்க பக்கம் நல்ல மழை என்றார். இத்தனை வருடம் கழித்து நேரில் அதுதான் முதல் பேச்சு.

மாமியார் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க சம்பந்தி. இத்தனை வருஷம் நின்னது போதும்." அப்பா முறைத்தார். பிறகு உட்கார்ந்தார்.

எங்கள் பிரார்த்தனையில் நாங்கள் கண்ணை மூடுவோம், அவர்கள் மரியாதைக்குத் தலை குனிவார்கள். அவர்கள் பிரார்த்தனைக்கு எல்லோரும் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்புவோம். அப்படியென்றால் அந்த அம்மாள் உட்காரும் மூலையை யாருமே பார்த்ததில்லை. இது இன்றுதான் உறைத்தது. நான் கண்ணை மூடவில்லை. அந்த அம்மாளும் மூடவில்லை. அப்பாவும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வெகுநாள் பழகியவர்கள் மாதிரி. அப்பா லேசாகத் தலையசைத்தார்.

அவர்கள் பிரார்த்தனை முடிந்து திரும்பினால் நாற்காலி காலி. தொட்டுப் பார்த்தேன். ஆள் உட்கார்ந்திருந்த சூடே இல்லை. பிரம்பு ஈரமாக இருந்தது.

மே 27

அப்பா ராத்திரி இங்கேயே தங்கினார். காலையில் பால்கனியில் காபி குடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"பண்டிகையன்னிக்கெல்லாம் அந்தம்மாவ அனுப்பினியே. நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன். வந்து எதிர்ல உட்காருவாங்க. பேச மாட்டாங்க. பழத்தை வச்சிட்டுப் போயிடுவாங்க. சரி, பொண்ணு நம்மள மறக்கலைன்னு நினைச்சுப்பேன். போன தடவைதான் வாயத் திறந்தாங்க. உங்க பொண்ணு கூப்பிடுறா, போங்கன்னு."

அதே பண்டிகை நாட்களில் அந்த அம்மாள் இங்கே, மூலை நாற்காலியில் இருந்தார். அப்பா வீடு பஸ்ஸில் நாலு மணி நேரம்.

நான் அனுப்பவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை வருடமும் அவரை யாருமே நினைக்கவில்லை என்றாகிவிடும். நினைத்தேனே. நினைத்தேன்தான்... போனில். ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அவர் வாசலில் நின்றேனா?

"நீதானே அனுப்பிச்ச?"

"ஆமாப்பா."

ஜூன் 2

அந்த அம்மாள் விட்டுப்போன நீல நூல் கட்டிய பெட்டியை யாரும் பிரிக்கவில்லை. யாரும் எறியவும் இல்லை.

மே 15 — அடுத்த வருடம், புது நாட்குறிப்பு

எங்கள் பண்டிகை. அப்பா முந்தாநாளே வந்துவிட்டார். உப்பு கூடவா குறைவா என்று அவருக்கும் மாமியாருக்கும் காலையிலிருந்து வாக்குவாதம், நாத்தனார் நடுவர். பிரம்பு நாற்காலி நாள் முழுக்கக் காலி. படம் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவர் விட்டுப்போனார்.

அந்தம்மா எங்கே என்று அப்பா கேட்டார். வேறு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 23

ரத்தம் எடுக்கிற பெண் புகுந்த வீட்டில் முதல் பண்டிகையை முடித்துவிட்டு இன்றுதான் வேலைக்கு வந்தாள். கல்யாணத்திலிருந்து அவள் அம்மா அவளோடு பேசுவதில்லை. தனியாக இருக்கிறார். புது வீட்டில் எப்படி என்று கேட்டேன்.

"யாரும் சரியா முகம் கொடுக்கல. அவரோட அத்தை ஒருத்தங்க மட்டும் பக்கத்துல வந்து நின்னாங்க. சால்வையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. உங்கம்மா இன்னும் சாப்பிடலன்னாங்க."

அடுக்கிக்கொண்டிருந்த சோதனைக் குழாய்களை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"அவரோட அத்தைதானா?"

"அப்படித்தான் நினைக்கிறேன். நீங்கதானேக்கா எதையும் கேட்காதேன்னு சொன்னீங்க."

வெளியே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையிலிருந்த ஊசித் தட்டை வாங்கிக்கொண்டேன்.

"மிச்சத்த நான் பார்த்துக்கறேன். நீ கிளம்பி உங்கம்மா வீட்டுக்குப் போ. போன் பண்ணாத. நேர்ல போ."